குறை சொல்ல முடியாத நோரீன்

கிளெதர்பியில் யாரிடம் நோரீன் திரெல்ஃபாலின் பேச்சை எடுத்தாலும், முதலில் அந்த இழவு வீட்டுக் கதையைத்தான் சொல்வார்கள். புருஷனோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போனவள், தகன மண்டபத்தில் கதவு மாறி உள்ளே நுழைந்துவிட்டாள். அங்கே யாரோ முன்பின் தெரியாதவரின் சவப்பெட்டி. பாட்டு தொடங்கிவிட்டது. பாதியில் எழுந்து போனால் வீட்டார் மனம் புண்படுமே என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். அதோடு விட்டாளா? வாசலில் நின்ற விதவை கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடாம போயிடாதீங்க" என்று கேட்டுக்கொள்ள, அதையும் தட்ட முடியாமல் கூடவே போய், சாண்ட்விச் தின்று, இறந்தவர் எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டும் வந்தாள். அந்த விதவைக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறாள். டிப்போக்காரர் வீட்டில்தான் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாகப் பரிமாறியே ஆயுளில் பாதி போயிற்று. ஒருநாள் தலைமுடிக்குச் சாயம் போட்ட பெண், கலவை தவறிப்போய், அவளைக் கேரட் மாதிரி ஆக்கி அனுப்பினாள். "ரொம்ப அழகா இருக்கு கண்ணு" என்று சொல்லி, கூடுதலாகக் காசும் கொடுத்துவிட்டு, கோடை முழுக்கத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அடுத்த முறையும் அதே பெண்ணிடம்தான் போனாள். வேறு கடைக்குப் போனால் இவள் வருத்தப்படுவாளாம்.

இது நோரீனின் குணம் மட்டுமல்ல, ஊரின் குணம். கால் உடைந்து தூக்குப்படுக்கையில் போகிறவனை நிறுத்தி எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், "பரவாயில்ல, இன்னொரு கால் இருக்கே" என்பான். வீடு எரிந்தவன், "குளிருக்கு இதமாத்தான் இருந்துச்சு" என்பான். இதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். பெருமையாவது மண்ணாங்கட்டியாவது! இந்த ஊர்க்காரர்களின் வாயைக் கட்டிப்போட்டது யாரோ தெரியவில்லை, ஆனால் அதனால் கொழுத்தவர்கள் யார் யார் என்று நன்றாகவே தெரியும்.

ரோவன் தெருவில் நோரீனும் அவள் புருஷன் வில்ஃபும் இருந்த வீடு முன்பு கவுன்சில் வீடு, அதாவது நகராட்சி குறைந்த வாடகைக்கு விட்ட வீடு. பிறகு ஒரு நாள், வீடுகளைப் பராமரிக்க முடியவில்லை என்று கவுன்சில் கை கழுவி, தெருவையே ஸ்கெல்பெக் ஹோம்ஸ் என்ற வீட்டுவசதிச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் வந்து வாசல் கதவுகளுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். பச்சைக் கதவுக்கு உள்ளே இருந்ததெல்லாம் பழையபடியே இருந்தது. சங்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் கவுன்சிலிடம் மிச்சம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்தின் தலைவரைக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, நாலு கேள்வி கேட்டு அனுப்புவார்கள்.

வீட்டில் ஒரே படுக்கையறை. அதன் பின்சுவரில்தான் முதலில் ஓதம் இறங்கியது. மழை பெய்தால் சுவர் கறுக்கும், கறுத்த இடத்தில் பூசணம் பூக்கும். நோரீன் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கடைசியில் சங்கத்திலிருந்து ஃபேர்கிளஃப் என்ற ஆய்வாளர் ஒருவர் வந்தார். கையில் ஈரம் அளக்கும் ஒரு கருவி. அதைச் சுவரில் வைத்தார். அது கீச்சென்று கத்தியது.

"ரெண்டு பேரும் இந்த ரூம்லயா தூங்கறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ராத்திரி பூரா மூச்சு விடுவீங்க, இல்லையா?"

நோரீன் வில்ஃபைப் பார்த்தாள். வில்ஃப் நோரீனைப் பார்த்தார்.

"விடறதுதாங்க" என்றாள் நோரீன், திருடிப் பிடிபட்டவள் போல. "மன்னிச்சுக்கோங்க."

"அதான் விஷயம். மூச்சுல ஈரம் இருக்கு. அந்த ஈரம்தான் போய்ச் சுவத்துல உக்காருது. இது வீட்டோட கோளாறு இல்ல, நீங்க வாழற விதத்தோட கோளாறு. அடுப்புல எது வெச்சாலும் மூடி போட்டு வைங்க. துணியை உள்ள காயப்போடாதீங்க. ஜன்னலை எப்பவும் திறந்தே வைங்க."

"இது ஜனவரிங்க" என்றார் வில்ஃப்.

"ஈரத்துக்கு மாசம் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு ஃபேர்கிளஃப் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு டீயும் கேக்கும் கொடுத்து அனுப்பியிருந்தாள் நோரீன்.

அவர் போன பிறகு வில்ஃப் கட்டிலில் உட்கார்ந்தார். "நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு பயணிகூட என் மூச்சைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார்.

சொன்னபடி ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு படுத்தார்கள். சுவர் காயவில்லை. வில்ஃபின் நெஞ்சில்தான் சளி கட்டியது. இருமல் நிமோனியாவாகி, பிப்ரவரியில் ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

தினமும் பகல் சாப்பாடு முடிந்ததும் நோரீன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். "எப்படி இருக்கு வில்ஃப்?" என்பாள். "பரவாயில்ல" என்பார் அவர். பிறகு இருவரும் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்ப்பார்கள். மணி அடித்ததும் அவள் கிளம்பிவிடுவாள்.

மார்ச் பிறந்ததும், நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனிக்கும் மிஸ் ஓட்வே அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். மெதுவாகப் பேசும் பெண். அப்படிப் பேசுகிறவர்கள் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை.

"இங்க பாருங்க கண்ணு. அவருக்கு நெஞ்சு தேறிட்டு வருது. ஆனா அந்தச் சுவரோட அவரை அந்த வீட்டுக்கு அனுப்ப டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார். மறுபடி அதே காத்தைச் சுவாசிச்சா அவ்வளவுதான். சுவர் காஞ்சா வீட்டுக்கு வரட்டும். மாசக் கடைசிக்குள்ள காயலன்னா, ஃபெல்சைடுல ஒரு முதியோர் இல்லத்துல கட்டில் காலியா இருக்கு."

ஃபெல்சைடுக்கு இரண்டு பஸ் மாறி, மேட்டில் ஏறிப் போகவேண்டும். அந்த இல்லத்துக்குப் போன யாரும் ரோவன் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. "உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம், ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்த நோரீன், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு வில்ஃப் வீட்டுக்கு வரவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதற்கு அந்தச் சுவர் காயவேண்டும், அது காயவேண்டுமானால் அவள் ஒருவரிடம் போய்க் குறை சொல்லவேண்டும். அதை அவள் பிறந்ததிலிருந்து செய்ததில்லை.

முதலில் போனில் முயன்றாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. பிறகு பியானோ வாசித்தார்கள். நடுநடுவே அழைப்பு முக்கியமானது என்று ஞாபகப்படுத்தினார்கள். நோரீன் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒரு கூடைத் துணியை இஸ்திரி போட்டு முடித்தாள். ஒருவழியாக ஒரு பெண் எடுத்தாள்.

"ஸ்கெல்பெக் ஹோம்ஸ், வணக்கம். எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல கண்ணு, நீ எப்படி இருக்கே?" என்றாள் நோரீன்.

கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். குரல் தழுதழுத்துவிட்டது. கட்டிக்கொள்ளப்போகிறவன் முந்தாநாள் மோதிரத்தைத் திருப்பிக் கேட்டானாம். நோரீன் ஆறுதல் சொன்னாள். அவன் கிடக்கிறான் என்றாள். ருபார்ப் தண்டை வேகவைத்து மேலே மாவு தூவிச் சுடும் பதார்த்தத்தின் செய்முறை சொன்னாள், அழுகைக்கு அது நல்லது என்றாள்.

"நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் பெண்.

"அது ஒரு சுவர் விஷயம் கண்ணு. ஆனா அவசரம் இல்ல, நீ முதல்ல முகத்தைக் கழுவிக்கோ."

அவசரம் இல்லை என்று பதிந்துகொண்டாள் அந்தப் பெண். அவள் மேல் தப்பில்லை.

பக்கத்து வீட்டு ஷமீம் மிர்சா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஷமீமின் அப்பா ராவல்பிண்டியிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்தவர். அவரிடம் குறை சொல்லும் திறமை ஏராளமாக இருந்ததாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்ததில் மகளுக்கு அதில் பாதிதான் ஒட்டியது. ஆனாலும் ரோவன் தெருவில் அந்தப் பாதிதான் பெரிய சொத்து.

"வர்ற செவ்வாய்க்கிழமை டவுன்ஹால்ல கவுன்சிலோட கண்காணிப்புக் குழு கூடுது. சங்கத்தோட தலைவனே வரான். பொதுஜனங்களும் பேசலாம். நீங்க பேசறீங்க" என்றாள் ஷமீம்.

"நானா? அத்தனை பேர் முன்னாடியா?"

"வில்ஃப் வீட்டுக்கு வரணுமா, வேண்டாமா?"

 அப்போதே நோரீனின் சமையலறையில் ஒத்திகை தொடங்கியது. ஷமீம் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து சங்கத்தின் தலைவராக மாறினாள்.

"சொல்லுங்க மிஸஸ் திரெல்ஃபால், என்ன குறை?"

"உங்களுக்கு ஏகப்பட்ட வேலை இருக்கும், இதைச் சொல்றதுக்கே எனக்கு—"

"தப்பு. மறுபடி."

"ஒரு சின்ன விஷயம், நீங்க தப்பா எடுத்துக்கலன்னா—"

"சின்ன விஷயம் இல்ல! மறுபடி."

நோரீன் மூச்சை இழுத்து விட்டாள். முகம் சிவந்துவிட்டது. "டீ போடட்டுமா?" என்றாள்.

"சங்கத்துத் தலைவனுக்கு டீ கொடுக்காதீங்க!" என்று கத்தினாள் ஷமீம். "ஆளைக் கொல்லாதீங்க நோரீன்!"

அப்படியும் நோரீன் பாலா சர்க்கரையா என்று கேட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை டவுன்ஹாலில் எதிர்பாராத கூட்டம். ரோவன் தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். யாரும் எதற்கு வந்தோம் என்று சொல்லவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தோம், வெளியே மழை, உள்ளே ஹீட்டர் இருக்கிறது என்றார்கள். குழுவின் தலைவர் கவுன்சிலர் ஐவர் ஹெஸ்கெத். ஆணி, சுத்தியல், குழாய் விற்கும் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். மேஜைக்கு எதிரே ஸ்கெல்பெக் ஹோம்ஸின் தலைமை நிர்வாகி ருபர்ட் ஆஷ்கோம் உட்கார்ந்திருந்தார். தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர். பளபளவென்ற பல், பளபளவென்ற ஷூ.

பொதுமக்களில் முதலில் நோரீனைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்று, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் ரொம்ப அழகா இருக்கு. திரைச்சீலை புதுசு போல." சற்று நிறுத்தினாள். "பிஸ்கட்டும் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதாங்க."

உட்கார்ந்துவிட்டாள். ஷமீம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நன்றி, மிஸஸ் திரெல்ஃபால்" என்றார் ஹெஸ்கெத், குழப்பத்தோடு.

அடுத்து ஆஷ்கோம் எழுந்தார். சுவரில் திரையைத் தொங்கவிட்டு, கிளெதர்பி மக்கள் தம் வீடுகளைப் பற்றி எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டத் தொடங்கினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் திருப்தி. நாட்டிலேயே இப்படி ஒரு திருப்தியை அவர் பார்த்ததில்லை. கவுன்சிலர்கள் சிலர் தலையாட்டினார்கள், ஒருவர் ஏற்கெனவே தூங்கியிருந்தார்.

"இதை நான் சொல்றதைவிட உங்க ஊர்க்காரங்க வாயாலயே கேக்கலாம்" என்று அடுத்த படத்தைப் போட்டார். வெள்ளை சோபாவில், வெள்ளைப் பல்லோடு, ஒரு நரைத்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில்: "குறை சொல்ல முடியாது!" அதற்கும் கீழே: மிஸஸ் என். டி., ரோவன் தெரு.

நோரீனுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. போன மாதம், வில்ஃபை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாள், ஒரு பையன் போனில் கூப்பிட்டு ஏதோ கருத்துக் கேட்டான். வீடு எப்படி இருக்கிறது என்றான். அவள் வழக்கம்போல, "குறை சொல்ல முடியாது கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் கோட்டை மாட்டினாள்.

"யாரு அந்தப் பொம்பளை?" என்று ஷமீமின் காதில் கேட்டாள்.

"யாரோ. படம் வாங்கிப் போட்டிருக்காங்க."

 ஆயுள் முழுக்க யார் மனதும் புண்படக்கூடாது என்று அவள் சொன்ன வார்த்தை, வில்ஃபை ஃபெல்சைடுக்கு அனுப்பும் வார்த்தையாகச் சுவரில் ஏறி நின்றது. அவள் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"மன்னிக்கணும். அது நான்தான்" என்றாள். "படத்துல இருக்கறது நான் இல்ல. பேச்சு என்னோடது."

"ஆஹா!" என்று ஆஷ்கோம் இரண்டு கையையும் விரித்தார். "உங்களை நேர்ல பாக்கறதுல எவ்வளவு சந்தோஷம், மிஸஸ்—"

"திரெல்ஃபால். குறை சொல்ல முடியாதுன்னு நான் சொன்னது வாஸ்தவம். முடியலீங்க. போன் பண்ணினா பியானோ வாசிக்கறீங்க. யாராவது எடுத்தா அந்தப் பொண்ணு அழுவுது. எங்கம்மாவும் எனக்குச் சொல்லிக் கொடுக்கல. எனக்குக் குறை சொல்ல முடியாதுங்க. முடிஞ்சிருந்தா இந்நேரம் சொல்லித் தொலைச்சிருக்க மாட்டேனா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நோரீன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

"என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கார். சுவர் காஞ்சாத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்களாம். உங்க ஆள் வந்து, நாங்க மூச்சு விடறதுதான் தப்புன்னார். ஜன்னலைத் திறந்து வைன்னார். ஜனவரியில திறந்து வெச்சோங்க. நாங்க சொன்ன பேச்சைக் கேக்கறவங்க. இப்போ அவரை ஃபெல்சைடுக்கு அனுப்பப் போறாங்க, நீங்க இங்க யாரோ ஒரு பொம்பளையைச் சிரிக்க வெச்சிருக்கீங்க. எனக்கு உங்க மேல கோவமா இருக்கு."

 இந்தக் கடைசி வாக்கியம் கிளெதர்பி டவுன்ஹாலில் அதற்கு முன்பு ஒலித்ததாகத் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் நோரீன், பழக்கத்தில். உடனே திரும்பி, மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். "அந்த மன்னிப்பை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"அடிச்சுடுங்க."

அவர் அடித்தார். பேனா கிழிக்கும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

ஹெஸ்கெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு ஆஷ்கோமைப் பார்த்தார். கடையில் உடைந்த குழாயைத் திருப்பிக் கொடுக்க வந்தவனைப் பார்க்கும் பார்வை அது.

"மிஸ்டர் ஆஷ்கோம், ஒரு சந்தேகம். 'குறை சொல்ல முடியாது'ன்னா எந்தக் கணக்குல சேப்பீங்க?"

"மிகத் திருப்தி."

"'பரவாயில்ல'ன்னா?"

"திருப்தி."

"'இதைவிட மோசமா இருந்திருக்கலாம்'னா?"

"அதுவும் திருப்திதான்."

"'இன்னும் சாகல'ன்னா?"

ஆஷ்கோம் காகிதங்களைப் புரட்டினார். பக்கத்தில் இருந்த உதவியாளர் காதில் ஏதோ சொன்னாள். "திருப்தி" என்றார் மெல்ல.

"அப்போ திருப்தி இல்லன்னு நீங்க எழுதணும்னா ஒருத்தர் என்னதான் சொல்லணும்?"

"எனக்குத் திருப்தி இல்லன்னு சொல்லணும், கவுன்சிலர்."

"எங்க ஊர்ல பொறந்தவன் எவனும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. என் முதல் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போறப்பகூட, 'இத்தனை வருஷம் பரவாயில்லாம இருந்துச்சு ஐவர்'னுதான் சொல்லிட்டுப் போனா. உங்க பையன் கேட்டிருந்தா அவளையும் திருப்தியில சேத்திருப்பான்." மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். "இங்க யாரு வீட்டுலயாவது ஓதம் பிரச்சினை இருக்கா? கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆஷ்கோமின் முகத்தில் பல் மீண்டும் தெரிந்தது.

ஹெஸ்கெத் இந்த ஊர்க்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வியைத் திருத்தினார். "சரி. 'சுவத்துல லேசா ஈரம், பெருசா ஒண்ணும் இல்ல, யாரும் அலட்டிக்க வேண்டாம்' அப்படிங்கறவங்க எத்தனை பேரு?"

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த கவுன்சிலரும் விழித்துக் கையைத் தூக்கினார். அவரும் ரோவன் தெருக்காரர்தான் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார் ஹெஸ்கெத், ஆஷ்கோமிடம். "கூப்பிட்டுக் கேள்வி கேக்கலாம், அவ்வளவுதான் சட்டம். அதனால நாளைக்கு நாங்க போய் அந்தச் சுவரைப் பாக்கறோம், நீங்களும் வாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை உங்களைக் கூப்பிட்டுக் கேப்பேன். அதுக்கு அடுத்த செவ்வாயும் கேப்பேன். அந்த அம்மா வீட்டுக்காரர் அவங்க கட்டில்ல வந்து படுக்கற வரைக்கும், பிறகு இந்தக் கை தூக்கினவங்க எல்லார் வீடும் காயற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன். ரயில்ல ஜன்னல் சீட்டா பாத்து வாங்கிக்கோங்க. பிஸ்கட் இனிமே கிடையாது."

மறுநாள் காலை நோரீனின் படுக்கையறையில் நிற்க இடமில்லை. கவுன்சிலர்கள், ஆஷ்கோம், கருவியோடு ஃபேர்கிளஃப், ஏணியோடு இரண்டு வேலையாட்கள். ஏணியை வெளியே சார்த்தி ஏறிய ஆள் கீழே குரல் கொடுத்தான். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரம் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. கூரைத் தண்ணீர் முழுக்க வருஷக்கணக்காக அந்தச் சுவருக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"மூச்சும் ஒரு காரணம்தான்" என்றார் ஃபேர்கிளஃப், விடாமல்.

"அவங்க மூச்சை நிறுத்திட்டா உங்களுக்கு வாடகை யாரய்யா கொடுப்பா?" என்றார் ஹெஸ்கெத்.

தகரம் மாற்றினார்கள். சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ராட்சத விசிறி போல ஒன்றைக் கொண்டுவந்து இரவும் பகலும் ஓடவிட்டார்கள். அந்த இரைச்சலில் நோரீன் கூடத்து நாற்காலியில் நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் சுவர் காய்வது சுவரின் இஷ்டம். மாசக் கடைசி வந்தபோதும் கொஞ்சம் ஈரம் பாக்கி இருந்தது. மிஸ் ஓட்வே போன் செய்தாள்.

"ஃபெல்சைடுல கட்டில் தயார் கண்ணு. இப்போ விட்டா வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

"கொடுத்துடட்டும்" என்றாள் நோரீன். "அவர் அங்க போக மாட்டார். சுவர் காயற வரைக்கும் அந்த வார்டுலயே இருப்பார். உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும்."

ரிசீவரை வைத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஷமீம் வந்து டீ போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் ஒரு வெயில் நாளில் வில்ஃப் வீட்டுக்கு வந்தார். சட்டை தொளதொளத்துக் கிடந்தது. படுக்கையறை வாசலில் நின்று, புதிதாய்ப் பூசிய சுவரைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். நோரீன் அவர் காலணியைக் கழற்றிவிட்டாள்.

"நோரீன்."

"என்ன?"

"அங்க எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. தினமும் நீ பஸ் பிடிக்கப் போனப்புறம்."

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்து நாலு வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. "ஏன் சொல்லல? நான் தினமும் கேட்டேனே!"

"நீ கேக்கறப்பல்லாம் அந்த நர்ஸ் பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. பாவம், அவ மனசு கஷ்டப்படும்னுதான்."

நோரீனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ நர்ஸ் இல்ல. ஒண்ணுவிடாம சொல்லு" என்றாள்.

 வில்ஃப் ஆஸ்பத்திரிக் கஞ்சியில் தொடங்கினார். தலையணை, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, ராத்திரியில் விளக்கை அணைத்த பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, இனி இவளைப் பார்க்கவே முடியாதோ என்று நினைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெயில் சுவரை விட்டு இறங்கும் வரை அவர் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கையை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.